அட்டையில் ஸ்டாம்பு வேண்டாம் என்றாயாமே

முருகன் துணை

சோலைமலை எஸ்டேட்,
தேவிகுளம் வழி,
22-6-1974

அன்பு மகள் அழகுத்தாய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உன் தம்பி சோலையும் முருகன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் நீ வளர்க்கும் துரை வீட்டு இரட்டைக் குழந்தைகளும் அந்த லண்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்து ஒன்பது நாளாகிறது, லயத்துக் கூரை நம் வீட்டுப் பக்கம் மட்டும் ஒழுகுகிறது, காந்தலூரில் வாங்கிய பூண்டில் பாதி முளைத்துவிட்டது, சோலை கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸாகிவிட்டான். இதையெல்லாம் நிதானமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் உன் கடிதத்தைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

துரைசாணி உன் பெயரில், வயசான காலத்தில் காசு வருகிற ஒரு இன்சூரன்ஸ் அட்டை வாங்கி வந்தார்களாம், வாராவாரம் அதில் ஒரு ஸ்டாம்பு ஒட்ட வேண்டுமாம், ஒரு பங்கு உன் சம்பளத்தில் பிடித்து இன்னொரு பங்கை அவர்கள் போடுவார்களாம், வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் வைத்தாலும் அந்த ஊர்ச் சட்டம் அதுதானாம். நீ அங்கே பக்கத்து வீட்டு ஆயா பேச்சைக் கேட்டு, அட்டையும் வேண்டாம் ஸ்டாம்பும் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாயாம். அடி பாவி மகளே, இதை வேறு பெருமையாக எழுதியிருக்கிறாய். உன் அப்பா அதை லயம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிட்டு, எம்புள்ள வெவரமானவ, எவனும் ஏமாத்த முடியாது என்றார். பக்கத்து வீட்டு மாரித்தாய், ஒம் மகளுக்கு இருக்கிற சூதானம் எங்க வீட்டுல ஒருத்திக்கும் இல்லையே என்று பெருமூச்சு விட்டாள். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது, அடுப்பில் இருந்த கஞ்சி பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. எனக்கு முழங்கால் வீங்கிக் கிடப்பது உனக்குத் தெரியும், மேட்டுக் காட்டில் கூடையோடு ஏற முடியவில்லை. போன திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய், வேலையை விட்டால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கிளார்க்கு சங்கையாவிடம் கேட்டேன். அவர் பேரேட்டைப் புரட்டிவிட்டு, ஏம்மா, ஒங்க சர்வீசு அறுபத்தஞ்சுல இருந்துதான இருக்கு என்றார். என் மகளுக்கு மூன்று வயதில் பங்களாவுக்கு ஆயாவாகப் போனவள், எட்டு வருஷம் பழைய துரையின் பிள்ளைகளை இடுப்பிலேயே வைத்து வளர்த்தேன், அவர்கள் சீமைக்குப் போன பிறகுதானே கொழுந்து எடுக்க வந்தேன், அந்த எட்டு வருஷம் எங்கே போச்சு என்று சத்தம் போட்டேன். சங்கையா உள்ளே போய் எலி கடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பி.எஃப். பிடிக்க வேண்டாம், செக்ரோல் பேரேட்டில் பெயரும் வேண்டாம், சம்பளம் முழுதாகக் கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே சின்னத்தாய் என்று கையெழுத்து. என் கையெழுத்துதான்டி.

அதைப் பார்த்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பழைய துரையின் துரைசாணி என்னைக் கூப்பிட்டு, சின்னத்தாய், பேர் போடலாம், நல்லது என்று அவர்களுக்குத் தெரிந்த தமிழில் இரண்டு தடவை சொன்னார்கள். பிடிக்கிற காசு டெல்லிக்குப் போனால் திரும்பாது என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நான் அப்போது கம்மல் சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன், மாசம் மூன்று ரூபாய் குறைந்தால் சீட்டு நின்றுவிடுமே என்று வேண்டவே வேண்டாம் என்று நின்றேன். அந்தக் கம்மல் இப்போது எங்கே என்று மட்டும் கேட்காதே. இனி இந்தக் காலோடு இன்னும் எத்தனை வருஷம் மேடு ஏற வேண்டுமோ தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது மகளே, அழுகையும் வருகிறது.

அப்பாவிடம் கணக்கில் பெயர் இல்லை என்று மட்டும்தான் சொன்னேன். அவர், வெள்ளக்காரி நம்மள மொட்டையடிச்சுட்டுப் போயிட்டா என்று கத்திவிட்டு, யூனியன்காரரைப் பிடித்து ஒரு மனு எழுதி வைத்திருக்கிறார். அதில் கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு நாளாக நிற்கிறார், நான் கால் வலி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். நல்லது சொன்ன மனுஷி மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை, நிஜத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை.

நீ இந்தக் கடிதம் கிடைத்த அன்றே துரைசாணியிடம் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன், என் பெயரில் அட்டை போடுங்கள் என்று கேள். விட்டுப்போன வாரங்களுக்கும் ஒட்ட முடியுமா என்று கேள், கூச்சப்படாதே. உனக்கும் ஒரு நாள் முழங்கால் வலிக்கும். கம்பளி இல்லாமல் வெளியே போகாதே, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. முருகன் உன்னை நூறு வயசு வைத்திருக்க வேண்டும், நல்ல இடத்தில் நீ நிலைக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. உன் கடிதத்தை அப்பாதான் பிரித்துச் சத்தமாகப் படிக்கிறார். அதனால் கையெழுத்து விஷயத்தை ஒரு வரிகூட எழுதாதே. ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது என்று மட்டும் எழுது. அவர் உன்னை ஏமாளி என்று திட்டுவார், திட்டட்டும், நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. சின்னத்தாய்