சிவப்புத் தலைக் குண்டூசி

நவம்பர் 4
பத்து மாதமாகிறது, பிரசவத்தில் ஒரு தாயும் சாகவில்லை! எங்கள் சுகாதார அலுவலகச் சுவரில் வட்டாரத்தின் வரைபடம் இருக்கிறது. தாய் ஒருத்தி இறந்தால் அவள் ஊரின் மேல் சிவப்புத் தலைக் குண்டூசி குத்துவது என் வேலை. ஐந்து வருடத்துக்கு முன் பத்தொன்பது. போன வருடம் நான்கு. இந்த வருடம் குண்டூசி டப்பாவையே திறக்கவில்லை. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"ஆடாதே, கண்ணு பட்டுடும்" என்றார் நர்ஸ் அக்கா.

நவம்பர் 19
தங்கைக்கு நிறைமாதம். நான் மாமா! கால் தரையில் நிற்கவில்லை. போனில், "ரெண்டு நாளா தலைவலிண்ணா, தூங்கினா சரியாயிடும்" என்றாள். "இப்பவே தூங்கிக்கோ, அப்புறம் உன் பிள்ளை விடாது" என்றேன்.

நவம்பர் 20
நான் அடித்த கூத்தை எங்கே சொல்வது! தங்கையின் பிரசவத் தேதியைச் சீட்டில் எழுதி, வரைபடத்தில் அவள் ஊரின் மேலேயே குத்தி வைத்தேன். வேறு ஊசி கிடைக்கவில்லை, சிவப்புதான். டீ குடிக்கப் போனேன். மின்விசிறிக் காற்றில் சீட்டு கிழிந்து பறந்துவிட்டது, ஊசி நின்றுவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டார். அந்த ஊரில் நிறைமாதக்காரி ஒருத்திதான். நர்ஸ் அக்காவை ஏற்றிக்கொண்டு, மரண விசாரணைப் படிவத்தோடு ஜீப் பறந்துவிட்டது.

கதவைத் திறந்தவள் தங்கையேதான். சாவு விசாரணைக்கு வந்திருக்கிறோம் என்றார்களாம்.

"யாரு செத்துட்டாங்க?"

"நீங்கதாம்மா" என்றாராம் டிரைவர்.

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது. அவள் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து நர்ஸ் அக்கா ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார். நூற்றெழுபது. அதே ஜீப்பில் ஆஸ்பத்திரி.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்டா" என்றார் அக்கா.

'தலைவலி இருந்தது, வீட்டார் பொருட்படுத்தவில்லை.' எத்தனை படிவத்தில் இதை எழுதியிருக்கிறேன்! அந்த வீட்டார் யார்? நான்தானே? மடையன். ஐயோ, அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.

நவம்பர் 21
பொண்ணு!!! இரண்டு கிலோ முந்நூறு. தங்கை கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, நான் செத்துட்டேன்னு ஆபீஸ்ல சொன்னியாமே?" வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன்.

டிசம்பர் 31
வருட அறிக்கையில் பூஜ்யம் போட்டேன். முட்டை மாதிரி வந்தது. டப்பாவை ஸ்டோரில் ஒப்படைத்தேன்.

"ஒண்ணு குறையுதே?" என்றார் ஸ்டோர்காரர்.

"தொலைஞ்சுபோச்சுங்க" என்றேன்.

தங்கை வீட்டுச் சுவரில் அது பாப்பாவின் தடுப்பூசி அட்டையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.