பிறந்தநாள் இல்லாத கேக்

ஜனவரி 11, 2025

இளவேனிலின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆறாம் வகுப்பு. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. ஃபீஸ் மட்டும் உண்டு. இந்தப் பெருமையை வேலூர்ச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னவனே நான்தான்.

"இளவேனில் இப்பல்லாம் நல்லா கேள்வி கேக்கறா சார்," என்றார் பார்கவி மிஸ்.

"அதுக்கு எவ்வளவு மார்க் மேடம்?"

சரளா என் காலை மிதித்தாள். என் மனைவி போடும் மார்க் அது.

சாப்பிடும்போது அறிவித்துவிட்டேன்: ஜூனிலிருந்து பரீட்சை வைக்கிற பள்ளி. இளவேனில் தோசையைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாள். பழைய பள்ளியில் திங்கள்தோறும் வயிற்றுவலி வந்த பெண். இப்போது வேன் வருவதற்கு முன்பே வாசலில் போய் நிற்கிறாள். தெரிந்தும் சொன்னேன். அப்பன் என்றால் ஒரு கெத்து வேண்டாமா?

ஜனவரி 13

லிஃப்டில் ஏழாம் மாடி சீனிவாசராகவன். அவர் மகனும் அதே வகுப்பு. எங்கள் வைட்ஃபீல்டு ஏரியாவில் டிராஃபிக் இல்லாமல் ஓடுவது லிஃப்ட் ஒன்றுதான்; இறங்குவதற்குள் சதி முடிந்தது.

"மார்க் தெரியாம எனக்குத் தூக்கமே வரல சார். நாமளே ஒரு பரீட்சை வெச்சா என்ன?"

"ஸ்கூலுக்குத் தெரிஞ்சா?"

"கிளப் ஹவுஸ்ல வெப்போம். புக்கிங்ல பர்த்டே பார்ட்டின்னு எழுதிடலாம். கேக் உங்களுது."

மேலும் நான்கு குடும்பங்கள் ரகசியமாகச் சேர்ந்தன. கூட்டத்தில் 'பரீட்சை ஒரு வன்முறை' என்று கைதட்டல் வாங்கிய டாக்டரம்மாதான் முதல் ஆள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். சரளாவிடம் மட்டும் சொன்னேன்.

இளவேனிலிடம் பேரம்: பாஸானால் பள்ளி மாற்றம் இல்லை. "சரி" என்றாள். இரண்டு நாளில் என்னிடம் அவள் பேசிய ஒரே வார்த்தை.

ஜனவரி 18

கணக்கு என் பொறுப்பு. ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும். ஓர் ஓட்டை எட்டு மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டும் சேர்ந்தால் எப்போது நிரம்பும்?

"ஓட்டைய அடைக்கவே மாட்டாங்களா?" என்றாள் சரளா. தாளைத் திருப்பிக்கொண்டேன். கணக்கு வாத்தியாரின் கெத்து.

விடை பதினான்கு. எவ்வளவு சுலபம்!

ஜனவரி 19

கிளப் ஹவுஸுக்குள் செக்யூரிட்டி முனிராஜ் எட்டிப் பார்த்தார். "யாருது சார் பர்த்டே? பசங்க மூஞ்சியப் பாத்தா சாவு வீடு மாதிரி இருக்கு."

பரீட்சை தொடங்கிப் பத்தே நிமிடம். ஆறு பேரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டார்கள்.

"காப்பி அடிக்கறாங்க! காப்பி!" என்று பதறினார் சீனிவாசராகவன்.

"டிஸ்கஷன் அங்கிள். ஆபீஸ்ல நீங்க தனியாவா வேலை செய்வீங்க?" — என் மகள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு பேரைக் கேட்காமல் நான் ஒரு மெயில் அனுப்பியதில்லை.

ஆறு பெயருடன் ஒரே தாள் வந்தது. 'இருபத்து நான்கு மணி நேரம். முதலில் பிளம்பரைக் கூப்பிடவும்.'

"தப்பு," என்றேன் வெற்றியோடு. "பதினாலு!"

"ஒரு நாள் ஃபுல்லா தண்ணி விடுப்பா. பைப் நாலு டேங்க் ரொப்பும். ஓட்டை மூணு டேங்க காலி பண்ணிடும். மிச்சம்?"

"ஒண்ணு..."

"ஓட்டை இருந்தா லேட்டாகும்னு சரி. நீ ஏன்ப்பா கூட்டின?"

ஏன் கூட்டினேன்? இரண்டு எண் கண்ணில் பட்டது, கூட்டினேன். என் பள்ளியில் அதற்கு மேல் யோசிக்க நேரம் கொடுத்ததில்லை.

சரளா கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "இப்ப யாரை ஸ்கூல் மாத்தறது?"

ஜனவரி 20

டாக்டரம்மாவும் பதினான்குதான் போட்டிருந்தாராம். சொல்லக் கூடாது.

ஜூன் 2

பள்ளி திறந்தது. எங்கள் பிளாக் வாசலில் அதே பள்ளியின் மஞ்சள் வேன். இளவேனில் எனக்கு முன்பே போய் நின்றாள். ஏறும்போது சொன்னாள்: "அப்பா, உனக்கு ரிப்போர்ட் சொல்லட்டா? தப்ப ஒத்துக்க டைம் எடுத்துக்கற. ஆனா ஒத்துக்கற. நல்ல முன்னேற்றம்."

"பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே வேனோடு கேட் வரை ஓடினேன். சிரித்தாளே தவிர, சொல்லவில்லை.