உன் கைக்கு வந்த கூலி

இன்று காலை நம் ஊர்ப்பக்கத்து வேலூர் பஸ்ஸின் மேலிருந்து வெற்றிலைக் கட்டை இறக்கினார்கள். ஈர வாழைச்சருகும் வெற்றிலைக் காரமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது, புள்ள. நீ போய்ச்சேர்ந்து எத்தனையோ தை வந்து போயாச்சு. எனக்கு எழுத வராது என்பதுதான் உனக்குத் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல நம் மருமகள் எழுதுகிறாள்.

நயா பைசா வந்த புதிது. நாம் கூலிக்குப் போன வெற்றிலைக் கொடிக்கால் முழுக்க வாடல் நோய் விழுந்து கருகிப்போனது. பிழைப்புக்குச் சேலத்துக்கு வண்டி கட்டினோம். வருசத்துக்கு ராகி கொட்டி வைக்கிற பெரிய மண் மொடாவையும் வைக்கோல் சுற்றி ஏற்றினேன். செவ்வாப்பேட்டைச் சந்தில் நாம் வாடகைக்குப் பிடித்த அறை வாசலில் அது நுழையவே இல்லை. நிமிர்த்திப் பார்த்தேன், படுக்கவைத்துப் பார்த்தேன், ஊகூம். மாதா கோயிலுக்குப் போய்வந்த முக்காட்டோடு நின்ற வீட்டுக்கார அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏம்ப்பா, டவுன்ல யாரு வருசத்துக்கு வாங்கி வெக்கிறா? வாராவாரம் கூலி, வாராவாரம் அரிசி."

நீ விட்டாயா? "மொடா பெருசில்லீங்கம்மா, உங்க ஊடுதான் சிறுசு."

நான் மண்டியில் மூட்டை தூக்கினேன். நீ தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றப் போனாய். சனிக்கிழமை சாயங்காலம் அவர் உன் கூலியை உன் கையிலேயே கொடுத்தார். அதை முந்தியில் முடிந்துகொண்டு நீ நடந்து வந்த நடை இருக்கிறதே! மழை மாதத்தில் மண்டிக்கு லோடு வராதபோது அந்த முடிச்சுதான் உலை வைத்தது. ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை நீ. பூ மட்டும் யாரையும் கேட்காமல் வாங்கிக்கொண்டாய்.

சில வருசம் கழித்து, கொடி மறுபடி பிடித்துக்கொண்டது, ஆள் வேணும் என்று கொடிக்கால் சொந்தக்காரர் பண்ணாடி சொல்லியனுப்பினார். நான் அன்றைக்கே மூட்டை கட்டப் பார்த்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய்.

"நீங்க போங்க. நான் வல்லீங்க."

"ஏம்புள்ள, சொந்த ஊரு கசக்குதா?"

"ஊரு கசக்கலீங்க. அங்க நான் வெத்தல அடுக்குன கூலியவும் உங்க கையிலதான குடுத்தாங்க? ஒரு மொழம் பூவுக்கு உங்க மூஞ்சியப் பாக்கோணும். இனி அது ஆகாதுங்க."

ஆம்பளை கையில் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். அதை ஒரு வழக்கம் என்றுகூட நான் நினைத்ததில்லை. கடைசியில், "உன் கூலிய நான் தொடமாட்டேன்" என்றேன்.

"பாக்கலாங்க. தொட்டீங்கன்னா, அடுத்த பஸ்ஸுக்கு நான் சேலம்."

ஊருக்கு வந்த முதல் சந்தை நாள். பண்ணாடி பழக்கம்போல ரெண்டு பேர் கூலியையும் என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அவ கூலிய அவகிட்டயே குடுத்துருங்க, சாமி."

கொடிக்கால் ஆள் ஒருத்தன் கத்தினான்: "ஏன்டா, சேலத்துல மீசைய வித்துப்போட்டு வந்துட்டயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நீட்டிய கையைப் பண்ணாடி மடக்கவில்லை, கட்டிய கையை நானும் அவிழ்க்கவில்லை. நீ முன்னால் வந்து, வெற்றிலைக் கறை படிந்த உள்ளங்கையை விரித்தாய். அவர் என்னை ஒரு பார்வை, உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உன் கூலியை அதில் வைத்தார். மீசையைக் கேட்டவன் பொண்டாட்டி அடுத்த சந்தைக்குத் தன் கூலி வாங்க உன் பின்னால் வந்து நின்றாள்.

இப்போது மகன் மாசாமாசம் செலவுக்குப் பணம் நீட்டுகிறான். நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். "யாரப் பாக்கறீங்கப்பா?" என்கிறான். முதலில் நீ கை நீட்ட ஒரு நொடி விட்டு, அப்புறம்தான் நான் நீட்டுகிறேன்.