அறுபது வினாடியும் உன் அப்பாவும்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம், உன் அப்பாவைப் பற்றியது, நான் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார், காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. இப்போது முடி வெட்டிக்கொள்ளத் தனியாகப் போயிருக்கிறார், வர ஒரு மணி நேரமாவது ஆகும். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, குழந்தைக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்து அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் வீட்டுக் கணக்கு மென்பொருள் உனக்கு நினைவிருக்கும், நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் மஞ்சள் அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தாரே, அதேதான். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் முப்பது வருஷம் இருப்பு எழுதிய மனுஷன், வீட்டிலும் எழுதாமல் இருப்பாரா. பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்து பேச்சு தடுக்க ஆரம்பித்தபோதுகூட, கரண்டி என்ற சொல் வராமல் திண்டாடியவருக்கு மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்பது மறக்கவில்லை, இடது கை ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தினமும் எழுதிவிடுவார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அது தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, தொடர்வதற்கு உங்கள் கணக்கில் நுழையவும் என்று நின்றது. இணையத்தில் அந்த நிறுவனத்தில் பெயர், மின்னஞ்சல், போன் நம்பர் எல்லாம் கொடுத்து ஒரு கணக்கு தொடங்கினால்தான் உள்ளே விடுமாம். பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிற ஆளைப் பார்த்து உனக்குக் கணக்கு இல்லை என்கிறது, கணக்கைப் பார்க்கவே ஒரு கணக்கு வேண்டுமாம், என்ன கணக்கோ போ என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

சரி, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவரும் முதலில் உட்கார்ந்தார். கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்து, அதில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, தட்டியதெல்லாம் வெறும் புள்ளியாகத் தெரிகிறது, சரியா தப்பா என்று பார்க்க வழியில்லை. அதையும் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போராடிப் போட்டுவிட்டார். பிறகு போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது, அதை அறுபது வினாடிக்குள் தட்டவேண்டும். உன் அப்பா போனில் ஒரு இலக்கத்தைப் பார்த்து, திரும்பி விசைப்பலகையில் அதைத் தேடி, அழுத்திவிட்டு மறுபடி போனுக்கு வருவதற்குள் நேரம் போய்விடுகிறது. ஐந்து தடவை தவறினால் மறுநாள்தான் திறக்கும். மறுநாளும் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து அவருக்குத் தெரியாமல் கணக்கிட்டேன், அவருடைய மிக விரைவான முயற்சி எழுபத்து நாலு வினாடி. நான் போட்டால் பத்து வினாடி வேலை. ஐந்தாம் நாள் பொறுக்காமல் போனை எடுக்கக் கை நீட்டினேன், அவர் தன் இடது கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டார். கோபமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை, வெறுமனே மூடிக்கொண்டார்.

அந்த வாரந்தான் நீ கூப்பிட்டாய். நான் உளறிவிட்டேன், நீயும் நல்லெண்ணத்தில், என் மெயிலிலேயே ஒரு கணக்குத் தொடங்கி இங்கிருந்தே உள்ளே போய் எல்லாவற்றையும் சரிபண்ணி விடுகிறேன்பா என்றாய், அவர் அப்படியே போனை வைத்துவிட்டார். நீ அழுததாக மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். அப்பாவுக்கு உன்மேல் ஒரு துளி வருத்தமும் இல்லை பாப்பு. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் அருகில் வந்து நின்று, "அவ... பாத்துடுவா. எல்லாத்தையும்" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். நோய் வந்த நாளிலிருந்து அவருடையது என்று எதை நாம் விட்டுவைத்தோம். சட்டைப் பொத்தானை நான் போடுகிறேன், குளிக்க வைக்கிறவன் ஒருவன் வந்தான், வாயைத் திற, நாக்கை நீட்டு என்று யார்யாரோ சொன்னார்கள், வங்கிக் காகிதங்களை நீயும் நானும் பிரித்து அடுக்கினோம். யாரும் நுழையாத இடம் என்று அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்கும் முழுக்கத் தெரியாது, கேட்டதில்லை, முப்பத்தாறு வருஷத்தில் அவரும் என் கைப்பையைத் திறந்ததில்லை. நான் எந்தத் திரையில் என்ன கேட்டாலும் படிக்காமல் சரி என்று அழுத்துகிறவள், அவர் அப்படியில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிறகு அந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தானே போன் செய்தார். எடுத்தது இயந்திரம். உங்கள் பிரச்சினையைச் சில வார்த்தைகளில் கூறவும் என்றது. அவர் வாயைத் திறந்து முதல் சொல்லைத் தேடுவதற்குள், மன்னிக்கவும் புரியவில்லை என்றது, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை, அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சிக்குப் போனபோது, அந்த உயரமான பயிற்சியாளர் அம்மா வழக்கம்போலக் குடை, சாவி, கோப்பை என்று படம் போட்ட அட்டைகளை மேஜையில் பரப்பினார். உன் அப்பா அட்டைகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். இடது கையால் எழுதிய நாலு வாக்கியம், எப்போது எழுதினார் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா இரண்டு தடவை படித்தார், அட்டைகளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார், "சரி சார், இனிமே இதுதான் நம்ம பாடம்" என்றார்.

மூன்று வாரம் பாப்பு. ஒவ்வொரு அசைக்கும் மேஜையில் ஒரு தட்டு, அந்தத் தாளத்தில் சொல்லை இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். அனுமதி என்ற சொல் வரவே வராது, அம்மதி, அமுதி என்று எங்கெங்கோ போகும். வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லுவார், குக்கர் சத்தத்துக்கு நடுவில் எனக்குக் கேட்கும், நாலு வாக்கியமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு வருஷமாகக் குடையும் கோப்பையும் செய்யாததை அந்தக் கோபம் செய்தது. குடையைச் சொல்லி அவர் யாரிடம் என்ன கேட்கப்போகிறார், இதைச் சொன்னால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம் இல்லையா.

போன புதன்கிழமை அவர்களுடைய சேவை மையத்துக்குப் போனோம். நாலாவது மாடி, கண்ணாடிக் கதவு, உள்ளே நுழைந்ததும் வரிசைச் சீட்டுக் கொடுக்கிற இயந்திரம், அதற்கும் போன் நம்பர் வேண்டுமாம். அவர் அதைத் தாண்டி நேராகப் போய் வரிசையில் நின்றுவிட்டார். என்னைத் தண்ணீர்க் குடுவை பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி விரலால் காட்டினார், நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்குச் சளி, கைக்குட்டையும் கையுமாக இருந்தாள். உன் அப்பா இடது கையைக் கவுன்டர் விளிம்பில் வைத்துத் தட்டித் தட்டி ஆரம்பித்தார். "இது நான் விலை குடுத்து வாங்கினது. உள்ள இருக்கறது என் வீட்டுக் கணக்கு. அதைத் திறக்க நான் ஏன் உங்ககிட்ட அனுமதி கேக்கணும். எனக்குப் பதில் வேணும்." இதைச் சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆனது. மூன்றாவது வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார், பின்னால் நின்றவர் உதவி செய்வதாக நினைத்து என்னவோ எடுத்துக்கொடுக்க வந்தார், அப்பா திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார், அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார். நான் கைப்பை வாரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்து விரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அனுமதி என்று தெளிவாகச் சொன்னார் பாப்பு, ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அந்தப் பெண்ணையும் சொல்ல வேண்டும். அவள் அந்த நாலு நிமிஷமும் விசைப்பலகையைத் தொடவில்லை, அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, எங்கே தடைப்படுகிறது என்று செய்து காட்டச் சொன்னாள். எண் வந்தது, அவர் நாலு இலக்கம் போடுவதற்குள் காலாவதி. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவதற்கு அவள் முகம் சிவந்துவிட்டது, எழுந்து உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தாள். அவர் நல்ல சட்டை போட்டிருந்தார், நல்ல மாதிரியாகவே பேசினார், "உங்க பாதுகாப்புக்காகத்தான் சார் இந்த ஏற்பாடு" என்றார். இதற்குப் பதில் அந்தக் காகிதத்தில் இல்லை, பயிற்சியாளர் அம்மா சொல்லித்தரவில்லை. உன் அப்பா கவுன்டர் விளிம்பில் மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, "யார்... கிட்டேருந்து?" என்று கேட்டார். நோய் வந்த பிறகு அந்நியர் ஒருவரிடம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. மேலாளர் மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். மென்பொருள் தன்னை மாற்றிக்கொள்வதற்கு முன் பழைய கணக்கை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்குமாம், அது கம்ப்யூட்டரில் எந்த இடத்தில் இருக்கும், மஞ்சள் பெட்டியில் வந்த பழைய குறுந்தட்டைப் போட்டு எப்படித் திறப்பது என்று வரிசையாக. "இதைச் சொல்லணும்னு விதி இல்ல சார், சொல்லக்கூடாதுன்னும் விதி இல்ல" என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எல்லாம் அவரே செய்தார். மஞ்சள் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த இருபத்தைந்து எழுத்து உரிம எண்ணைத் தட்ட ஒரு காலைப்பொழுது போனது, ஆனால் அந்தப் பழைய மென்பொருள் அவசரப்படுத்தவில்லை, தப்பென்றால் தப்பு, மறுபடி போடு என்று காத்திருந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திறந்தது. நான் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டேன், திரையைப் பார்க்கவில்லை. அவர் திரும்பி, "இன்னிக்கு காய்... எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். பூட்டிக்கிடந்த நாட்களின் செலவெல்லாம் நாட்காட்டித் தாள்களின் பின்னால் குறித்து வைத்திருந்தார், அதையும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இது நிரந்தரத் தீர்வில்லை, எனக்கும் தெரியும். பழையதற்கு இனி எந்த உதவியும் கிடையாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது, கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டது, மறுபடி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாமல் இருக்க இணையக் கம்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறார். இந்தப் பெட்டி போனால் என்ன செய்வது என்றேன், "அப்ப... பாக்கலாம்" என்றார். அவர் செய்ததெல்லாம் சரியென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நாலாவது மாடியில் நின்ற அந்த மனுஷனைப் பார்த்தபோது, இவரைத்தானா நாம் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையில் உனக்கும் பங்கு தரத்தான் இந்தக் கடிதம்.

தோள்வலி இருக்கிறது என்றாயே, ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்காதே, மணிக்கொரு தடவை எழுந்து நட. மாப்பிள்ளையையும் நேரத்துக்குத் தூங்கச் சொல். குழந்தைக்குப் புதுப்பல் முளைத்ததும் படம் அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவரே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்காது, லைன் போய்விட்டதோ என்று நினைத்து அப்பா அப்பா என்று கத்தாதே, என்ன சொல்ல வருகிறார் என்று உனக்குத் தெரிந்தாலும் வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே. அப்படியே காத்திரு, அவர் சொல்லி முடிப்பார்.

உன் அன்பு
அம்மா