பதிமூன்று சனிக்கிழமைகள்

மார்ச் 4

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைப் பார்த்து நீங்கள் பயந்துவிடக் கூடாது. எட்டு வருடத்துக்கு முன்னால் குழந்தைகள் இல்லத்திலிருந்து நாங்கள் தத்தெடுத்து வந்த பெண், நீங்கள் பெற்றவள். இங்கே கடல் தாண்டி எங்களோடு நன்றாக இருக்கிறாள். வயது பன்னிரண்டு. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுகிறோம். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர் உங்கள் முகவரியைத் தேடிக் கொடுத்தார். இங்கே தத்துப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார். பெற்றவர்களைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் சொல்லித்தான் இல்லத்துக் கோப்பை அவள் கையில் கொடுத்தோம். அதில் ஒரு வரி இருக்கிறது. ‘தாய் ஆறு மாதமாக வந்து பார்க்கவில்லை.’ அதைப் படித்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். “ஒரு தடவைகூடவா வரல?”

சனிக்கிழமை காலையில் தலை வாரிவிட்டு எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைப்பார்களாம். யாருடைய வீட்டு ஆள் வந்திருக்கிறாரோ அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அந்த இடத்தில் அவளுக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான். “என்னை யாருமே கூப்பிடலம்மா” என்கிறாள்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கலாம், ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம். எதுவானாலும் நாலு வரி எழுதுங்கள். தமிழ் பேசினால் அவளுக்குப் புரியும், படிக்க வராது. நான்தான் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

மேடம் என்று எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் என்னைவிட மூத்தவராகத்தான் இருப்பீர்கள். அதனால் அக்கா.

உங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய், நனைந்த விரிப்புகள் குவிந்து கிடக்கிற மூலையில் நின்று நாலு முறை படித்தேன். மேஸ்திரி வந்து “என்ன, காதல் கடுதாசியா?” என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். அப்போதும் இதே வேலைதான். இவள் அப்பன் எங்களை விட்டுவிட்டு ஓடிய பிறகு வேலையிடத்து விடுதியில் தங்கினேன். பிள்ளைகளை அங்கே சேர்க்க மாட்டார்கள். தனியாக ஓர் அறை கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் சுண்டுவை இல்லத்தில் விட்டேன். எனக்கு அவள் சுண்டு. மூன்று வயது முடியவில்லை, ஆனால் வாய் மட்டும் மூன்று ஊருக்குக் கேட்கும். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறதா, பார்த்தீர்களா?

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பார்க்க விடுவார்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கும், அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். முதல் நாலு தடவை போனேன். திரும்பும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும். நாலாவது தடவை ஆயா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள். “நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்க மாட்டேங்குதும்மா இதுக்கு. பாரு, எப்படி எலும்பா போயிருக்குன்னு. கொஞ்ச நாள் கண்ணுல படாம இரு. பழகிடும்.” அவள் கெட்டவள் இல்லை. சொன்னது உண்மைதான், பிள்ளை துரும்பாக இளைத்திருந்தாள்.

அதனால் உள்ளே போகவில்லை. ஆனால் வந்தேன் அக்கா. எதிர்ப்பக்கம் ஒரு பல் டாக்டர் மாடி. படிக்கட்டில் ஒரு ஜன்னல். அங்கே நின்றால் பெஞ்சு தெரியும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை நிற்பேன். கம்பவுண்டர் “உனக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கே, எதுக்கும்மா வர்றே?” என்று கிண்டல் பண்ணுவார். பிறகு விஷயம் தெரிந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். பதிமூன்று சனிக்கிழமை. அவளுக்குக் கன்னம் வைத்தது, அழுகை நின்றது, பக்கத்துப் பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்தாள். சரியான முடிவுதான் எடுத்தோம் என்று எனக்கே ஒரு பெருமை.

பதினாலாவது சனிக்கிழமை பெஞ்சில் அவள் இல்லை. ஓடிப்போய்க் கேட்டேன். ஆறு மாதம் கையெழுத்து இல்லை, நோட்டீஸ் அனுப்பினோம், பதில் இல்லை, வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கிற பிள்ளைகளின் கட்டடத்துக்கு மாற்றியாயிற்று என்றார்கள். நோட்டீஸ் இவள் அப்பன் வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கிறது. நான் ஜன்னலைச் சொன்னேன், கம்பவுண்டரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தேன். அதிகாரி அம்மா நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். “கையெழுத்து எங்கே? பல் டாக்டர் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் நாங்க நோட்டு வைக்கலம்மா.” அதற்குப் பிறகு அலைந்த அலைச்சலை எழுதினால் காகிதம் போதாது.

அவளை நான் திருப்பிக் கேட்கவில்லை. எட்டு வருடம் சோறு போட்ட கை உங்களுடையது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உன் அம்மா வந்தாள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுண்டுவைப் பெற்றவள்


ஏப்ரல் 30

அன்புத் தங்கச்சிக்கு,

மச்சம் இருக்கிறது. அவளே கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘வாய் மூன்று ஊருக்குக் கேட்கும்’ என்ற இடத்தில் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீச்சலில் இப்போது அவள்தான் பள்ளிக்கு முதல். கணக்கு மட்டும் தகராறு.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. முதல் பக்கத்தை மட்டும்தான் படித்துக் காட்டினேன். பக்கத்தைத் திருப்பினேன், நிறுத்திவிட்டேன். “அப்புறம்?” என்றாள். “வர முடியாத நிலைமைன்னு எழுதியிருக்காங்க” என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது தங்கச்சி. யாருமில்லாத பிள்ளை என்று சொல்லித்தான் எங்களிடம் கொடுத்தார்கள். நாங்களும் அதை நம்பித்தான் வாங்கினோம். நீ எதிரே நின்றுகொண்டிருந்தாய் என்றால், நான் யார்? உன் மடியிலிருந்து பிடுங்கியவள் என்று அவள் நினைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? சமயம் பார்த்துக் கட்டாயம் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்த அவள் போட்டோ கிடைத்தது. நெற்றி அப்படியே என் நெற்றி. சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். இத்தனை நாள் நான் கதை விடுகிறேன் என்று நினைத்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள், பொறுத்தேன். ஆனால் ஒரு வரியைச் சொல்ல எத்தனை சமயம் பார்க்க வேண்டும்? அவள் ஒவ்வொரு நாளும் தன்னைத் தேட நாதியில்லை என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறாள். அதை நீங்கள் பார்த்துக்கொண்டே டிபன் கட்டிக் கொடுக்கிறீர்கள். உங்களால் எப்படி முடிகிறது? கோபத்தில் எழுதுகிறேன், கோபம் வராமல் எழுத எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். அவள் அம்மா. அம்மா என்றால் சொல்லுங்கள்.

சுண்டுவைப் பெற்றவள்


ஆகஸ்ட் 9

தங்கச்சி,

எல்லாம் கெட்டுவிட்டது.

என் பீரோவிலிருந்து உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்து, மாடி வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோயிருக்கிறாள். நம் பாஷைக்காரர், ரயிலில் கார்டாக இருந்தவர். அவருக்கு என்ன தெரியும் பாவம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் படித்துக் காட்டிவிட்டார். உன் ஜூன் கடிதம் கடையில் என் மேஜைக்குள் இருந்ததால் அது மட்டும் அவளுக்குத் தெரியாது.

நீ வந்தாய் என்று தெரிந்தால் அவள் மனம் ஆறும் என்று நீயும் நானும் நினைத்தோம். ஆறவில்லை. கீழே வந்து நின்று கேட்டாள். “நான் பெஞ்சில உட்கார்ந்துக்கிட்டு, இப்பக் கூப்பிடுவாங்க இப்பக் கூப்பிடுவாங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவங்க அதைப் பார்த்துக்கிட்டே நின்னாங்களா? பதிமூணு தடவையுமா?” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், “நீயும் தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தே. ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

பதினோரு நாளாகிறது. என்னோடு பேச்சு இல்லை. நான் சமைத்ததைத் தொடுவதில்லை, பள்ளியில் என்ன தின்கிறாளோ அதுதான். நேற்று ஆலோசகரிடம், “என்னை வேற வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்று கேட்டிருக்கிறாள். அவர் அதை எழுதி மேலே அனுப்பியே தீர வேண்டுமாம், சட்டமாம். அடுத்த மாதம் வந்து விசாரிப்பார்களாம். இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். நீ சொன்ன அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை, நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

சுண்டு கேட்டது சரி. அன்றைக்கு அவள் கன்னம் வைத்ததைப் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை. நான் நின்ற தூரத்துக்குக் கண் தெரியாது. கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பாள், இளைத்திருப்பாள், என்னிடமே இருந்திருப்பாள். எனக்காக நீங்கள் பரிந்து பேச வேண்டாம்.

ஆனால் இரண்டு பேர் மேலும் கோபம் இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? நான் தூரத்தில் இருக்கிறவள், தாங்கிக்கொள்வேன். அவள் தினம் முகம் பார்க்க வேண்டியவர் நீங்கள். அவளுக்கு ஒரு தாளில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் படிக்காமல், அந்தப் பெரியவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சொன்னால் நம்புவாள். என் ஜூன் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

சுண்டுவைப் பெற்றவள்

[உடன் வைத்த தாள்]

கண்ணு சுண்டு,

நீ பெஞ்சில் இருந்தபோது நான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை.

ஜன்னல் விஷயத்தை உன் அம்மாவுக்கு எழுதிவிட்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளையிடம் சொல்லவே கூடாது என்று மறுநாளே இன்னொரு கடிதம் எழுதினேன். சத்தியம் வாங்கினேன். அவர் சொல்கிறேன் சொல்கிறேன் என்று எவ்வளவோ கேட்டார், நான்தான் விடவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரே தவிர, உன்னை ஏமாற்றவில்லை. அவரோடு பேசு. சாப்பிடு.


செப்டம்பர் 16

அன்புள்ள சகோதரிக்கு,

தாளைப் பெரியவரிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கே வந்து, மேஜையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

படித்து முடித்ததும் வாலு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “சாரிம்மா. என்கிட்ட சொல்லணும்னுதான் அவங்ககிட்ட கேட்டியா?” என்றாள். இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆமா” என்று வந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டாள். விசாரிக்க வந்தவர்களிடம் எங்களோடுதான் இருப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஜூன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லச் சொன்னாள். இனி நீங்கள் எழுத வேண்டாமாம். என்னை வைத்தே தன்னை ஏமாற்றிய ஆளோடு அவளுக்குப் பேச ஒன்றும் இல்லையாம். நான் மறுத்துப் பேசவில்லை.