தலையை எண்ணும் சட்டமும் ஓரத்து நாற்காலியும்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மாமா மூவரும் சுகம், உன் தங்கையும் சுகம், அவள் வாய் அவளைவிடச் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். தலைக்குத்தான் என்னமோ ஆகியிருக்கிறது. நீ அனுப்பிய போட்டோவில் உன் வலது கிருதா காதுக்கு நடுவில் நிற்கிறது, இடது கிருதா பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி கீழே நிற்கிறது. அந்தத் தலைநகரத்தில் யாரிடம் போய்த் தலையைக் கொடுத்தாய்? சலூன் வைத்திருக்கிறவன் மகன் என்று அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே, என் தொழில் போய்விடும். கடையில் என்னோடு வெட்டுகிற உன் மாமா அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தார், அவருக்கு அவ்வளவு வருத்தம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் விட்டால் உன் தங்கை, அதற்குள் நீ மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் குறுக்கே யாரும் பேச முடியாது பார், அதனால் உட்கார்ந்துவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஐந்தாம் வகுப்போடு வாத்தியார்களுக்கு விடுதலை கொடுத்தவன் நான்.

விஷயம் உன் சட்டத்தைப் பற்றியது. உன் சட்டம் என்றால் உடனே, அப்பா நான் எழுதலை, சட்டத்துறை ஆபீசில் பிழை பார்க்கிறவன்தான் என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். ஆனால் உன் அம்மா இத்தனை நாளாகத் தெரு முழுக்க என்ன சொல்லி வைத்திருந்தாள்? என் பையன்தான் ராஜ்யத்துக்கே சட்டம் எழுதுறான் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தப் புதுப் பள்ளிக்கூடச் சட்டம் சட்டசபையில் நிறைவேறி, தெருக்கோடியில் இருக்கிற நம் பள்ளிக்கே வந்து சேர்ந்தபோது எங்கள் கதி என்ன என்று யோசித்துப் பார். தலைமையாசிரியை பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்கள். இனிமேல் பள்ளிக்குப் பணம் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் வருமாம், தலை குறைந்த பள்ளியை மூடிப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம், நம் பள்ளியில் தலை குறைகிறதாம். தலையை எண்ணிப் பிழைப்பது என் தொழில், அரசாங்கம் எதற்கு அதற்குப் போட்டிக்கு வருகிறது என்று கேட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான்தான் சட்டசபையில் கை தூக்கிவிட்டு வந்தவன் மாதிரி. வீட்டுக்கு வருகிற வழியில் உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், என் பையன் அங்க பேப்பரை அடுக்கி வைக்கிற வேலைதான் பாக்கிறான், படிக்கக்கூட விடமாட்டாங்க என்றாள். ஒரே நாளில் உன் வேலையை இப்படி இறக்கிவிட்டாள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய பள்ளி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், லாரி ஓடுகிற சாலைக்கு அந்தப் பக்கம். நம் வாயாடி எப்படியும் தாண்டிவிடுவாள், லாரிக்காரன்தான் பயப்பட வேண்டும். ஆனால் தெருவில் மற்ற வீடுகளில் அன்றைக்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது, படிச்சது போதும், அந்த ரோட்டைத் தாண்டிப் பொம்பளைப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று. உன் தங்கையோடு சேர்ந்து போய் வருகிற இரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் இதே பேச்சு. அன்று இரவு உன் தங்கை சாப்பிடவில்லை. அவள் ஒரு வேளை பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, வீடே பூட்டிக் கிடப்பது போல இருந்தது. அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். நீயும் சொன்னாய், அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் தனியாக இடம் ஒதுக்குவார்கள், படிப்புச் செலவும் அரசாங்கத்துடையது, அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால்தான் பல்கலைக்கழகத்துக்கும் முழுப் பணம் போகும் என்று. ஒரு பிரிவு மூடப் பார்க்கிறது, ஒரு பிரிவு திறந்து வைக்கிறது. அதைச் சொல்லியே பள்ளிக்குத் தலை சேர்த்துவிடலாம், எனக்கு அது போதும்.

மறுநாள் காலையிலிருந்து கடையில் ஆரம்பித்தேன். நம் தொழிலில் இருக்கிற ஒரு வசதி எந்த மந்திரிக்கும் கிடையாது, கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் ஆள் எழுந்து ஓட முடியாது. மருந்துக்கடைக்காரர் வந்தார், மகள் ஐந்தாவது முடித்துத் தனியார் பள்ளியில் ஆறாவதுக்குப் போகிறாள். பிரிவைச் சொன்னேன். புரியலையே என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, கடைசியில் இருக்கிற ஓரத்து நாற்காலியைக் காட்டினேன். கடையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்த நாற்காலி பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று நம் கடைப் பழக்கம், பெரியவர் யாரும் அதில் உட்கார மாட்டார்கள், உனக்கே பலகை போட்டு வெட்டிய நாற்காலி அது. அதே மாதிரிதான் சார், பல்கலைக்கழகத்துல நம்ம பிள்ளைங்களுக்கு ஓரத்து நாற்காலி போட்டு வச்சிருக்காங்க என்றேன். பட்டென்று புரிந்துவிட்டது. வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதையே சொன்னேன், உன் மாமாகூட வாயைத் திறக்காமல் சீப்பால் ஓரத்து நாற்காலியைக் காட்டினார். தனியார் பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு நம் பள்ளிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை என்னை வழியில் பார்த்து வணக்கம் சொன்னார்கள். நான் படித்த காலத்தில் அங்கே வாத்தியார்கள் என்னைப் பார்த்தால் பிரம்பைத் தேடுவார்கள்.

இங்கேதான் உன் அப்பா சறுக்கினான். மருந்துக்கடைக்காரர் மறுபடி சவரத்துக்கு வந்தார், முகத்தில் நுரை போட்டுக்கொண்டிருக்கிறேன், சந்தோஷமாகச் சொல்கிறார், பொண்ணோட டியூஷனை நிறுத்திட்டேங்க, அதான் காலேஜ் சீட்டு உறுதியாயிடுச்சே, இனிமே எதுக்கு என்று. எனக்கு பிரஷ் கையிலேயே நின்றுவிட்டது. அப்புறம்தான் யோசிக்கிறேன். நம் கடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்து எழுந்ததும் அடுத்த பிள்ளை உட்காரும், வந்த எல்லாருக்கும் நாற்காலி கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்தவன் வருஷக்கணக்கில் எழுந்திருக்க மாட்டானே! அந்த ஓரத்து நாற்காலிக்கும் பிள்ளைகளுக்குள்ளே மார்க்கில் போட்டி உண்டு என்று நீ அன்றைக்குப் போனிலேயே சொன்னது உண்மை, நான்தான் முடி வெட்டுகிறவன் கணக்கில் அதைச் சொல்லிவிட்டேன். இவர் ஒருவர் மட்டும் இல்லை, வந்த எல்லாரும் சேர்ந்தாலே சீட்டு என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார்கள். வீட்டில் சொன்னேன். உன் அம்மா, அதிகாரி வந்து தலையை எண்ணிட்டுப் போற வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க, ஒரு தடவை மூடினா சுளுக்கிடாது என்றாள். உன் தங்கையும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளும் அதைத்தான் நினைத்தாள். எனக்கும் ஆசைதான். ஆனால் பார், இந்த ஆட்கள் தினமும் வந்து என்னிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். கத்தியை வைத்துக்கொண்டு அந்தக் கழுத்தில் பொய்யை வைக்க எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள். டிவியை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டேன், நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு, நாற்காலி இருக்கிறது நெசம், உட்கார்றதுக்குப் படிக்கணும் என்று. கடை இரண்டு பட்டது. மருந்துக்கடைக்காரர் பாதி முகத்தில் நுரையோடு எழுந்துவிட்டார், எங்க பிள்ளைங்க என்ன உங்க ஸ்கூலைக் காப்பாத்துற தலையா என்கிறார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த நேரம் பார்த்து உன் மாமா வேலை செய்கிற நாற்காலியில் யார் இருந்தார் என்று நினைக்கிறாய், நம் பள்ளிக் கணக்கு வாத்தியார். தலையில் பாதிக்கு டை அடித்து, மீதிப் பாதிக்கு மாமா பிரஷ்ஷை எடுத்திருக்கிறார், வாத்தியார் ஓடவும் முடியாது ஒளியவும் முடியாது. மருந்துக்கடைக்காரர் அவர் பக்கம் திரும்பி, வாத்தியாரே, இவரை விடுங்க, நீங்க சொல்லுங்க, உங்க ஸ்கூலை நம்பி நாங்க விடலாம்னா உங்க பையன் எங்க படிக்கிறான் என்று கேட்டுவிட்டார். எல்லாருக்கும் தெரியும், வாத்தியார் மகன் தினமும் மஞ்சள் பஸ் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறான். நானே எத்தனை தடவை அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன், சமைக்கிறவரு சாப்பிட மாட்டேங்கிறாரு என்று. அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. வாத்தியார் கண்ணாடியில் தன்னையே பார்த்தார், கழுத்துத் துணியை அவரே அவிழ்த்தார், குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மாமா பிரஷ்ஷோடு வாசல்வரை போய் நின்று பார்த்தார். சரி, பள்ளியும் போயிற்று, வாடிக்கையும் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சேர்க்கைக்குக் கடைசி நாள், அதிகாரியும் அன்றைக்குத்தான் வருகிறார். கடையை மாமாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன், டி.சி.யைத் திருப்பிக் கேட்க வந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், முன்னால் மருந்துக்கடைக்காரர், பக்கத்தில் அந்தப் பெண் குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவளுக்கு இங்கே அதற்குள் சிநேகிதி கிடைத்துவிட்டாளாம், யார் என்று கேட்காதே, நம் வாயாடிதான். அந்த நேரம் கணக்கு வாத்தியார் வந்தார். ஆசிரியர் அறைக்குப் போகவில்லை, நேராக வந்து பெற்றோர் வரிசையில் கடைசியில் நின்றார். கையைப் பிடித்தபடி மகன், மகன் உடம்பில் நம் பள்ளிச் சீருடை, மடிப்புக்கூடக் கலையவில்லை. வாத்தியார் தலை ஒரு பக்கம் கன்னங்கரேல், ஒரு பக்கம் பஞ்சு வெள்ளை. அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னது இவ்வளவுதான், சீட்டு கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேங்க, சொல்லிக் கொடுப்பேன், என் பையனுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறேனோ அதையே உங்க பொண்ணுக்கும் என்றார். மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், வாத்தியாரே, முதல்ல அந்தத் தலைக்கு முழுசா டை அடிங்க, கணக்குல பாதிப் பாதியா விட்டுட்டா என்ன பண்றது என்றார். வரிசையே சிரித்தது. சிரித்த பிறகு பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போவது கஷ்டம் பார். ஒன்றிரண்டு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நான் சொன்னதை நம்பி வந்தவர்கள். மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். அதிகாரி மதியம் வந்து எண்ணினார், தலை போதும் என்று எழுதிக்கொண்டு போனார். இந்த வருஷத்துக்கு மூடவில்லை. அடுத்த வருஷமும் எண்ணுவார்களாம், எண்ணட்டும், எங்கள் கழுத்துத் துணி எங்கேயும் போகாது.

உன் தங்கை அன்றைக்கு ராத்திரி மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டாள், விட்ட பேச்சையும் சேர்த்துப் பேசினாள். உன் அம்மா மறுபடி உனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டாள், இப்போது நீ சட்டம் எழுதுவது மட்டும் இல்லை, மந்திரியே உன்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாராம். வாத்தியார் மகனுக்கு நேற்று நான்தான் முடி வெட்டினேன், ஓரத்து நாற்காலியில். மஞ்சள் பஸ் ஞாபகம் வருதாடா என்றேன், பஸ்ஸில் தினமும் வாந்தி எடுப்பானாம், அதனால் அந்த ஞாபகமே வேண்டாம் என்கிறான். வாத்தியாருக்கு மீதிப் பாதித் தலையை மாமா முடித்துக்கொடுத்தார், அன்றைக்கு வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அடுத்த முறை சட்டத்தைத் திருத்தும்போது உங்கள் ஆபீசில் யாராவது, அரசுப் பள்ளி வாத்தியார்கள் தங்கள் பிள்ளைகளை அங்கேயே சேர்க்க வேண்டும் என்று ஒரு பிரிவு போடலாம் என்று சொல்வார்கள். நானும் பல தடவை கடையில் அதைச் சொல்லியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். நீ பிழை பார்க்கிறவன், உன் கை எட்டும் என்றால் அதை மட்டும் போடவிடாதே. போட்டிருந்தால் வாத்தியார் சட்டத்துக்காக வந்தார் என்று ஆகியிருக்கும். பாதி டையோடு அந்த வரிசையில் வந்து நின்றாரே, அது எந்தப் பிரிவிலும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே, பல்லைக் கடித்துக்கொண்டாவது ஊருக்கு வருகிற வரை அந்தக் கடைக்காரனிடம் தலையைக் கொடுக்காதே, காடாக வளர்ந்தாலும் பரவாயில்லை. நீயும் அரசுப் பள்ளிப் பிள்ளைதான், உனக்கு உரிமை உண்டு, நீ வருகிற அன்றைக்கு ஓரத்து நாற்காலி காலியாக இருக்கும், மாமா, நான்தான் வெட்டுவேன் என்று கத்தரிக்கோலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும், உன் கை பட்ட சட்டம் எந்தப் பிள்ளையையும் சாலையில் நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

இரண்டு கிருதாவையும் நினைத்து வருந்தும்,
உன் அப்பா