சாபின் ஐஸ் பெட்டி

என் தங்கமான மாப்ள சேவியருக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆச்சு. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாதவன் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சாவுக்குக் காரணமான மனுஷனை நேற்று ஊர் முன்னால் தலைகுனிய வைத்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கடலில் எண்ணெய் தோண்டுவதைப் பற்றி இங்கே ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். நீ கலாசியாக, சாமான் தூக்கி இறக்கி, வேலை பார்த்த ரிக்கைப் போலவே ஒரு பொம்மை ரிக், துளை போடும் கம்பி, ஆரஞ்சு சட்டை எல்லாம் உண்டு. நடுவில் அந்த வலைக்கூடை. ரிக்கிலிருந்து போட்டுக்கு ஆளை இறக்க கிரேனில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதுதான். பக்கத்தில் போர்டு: சாமான் உள்ளே, ஆள் வெளி வளையத்தில், இரண்டு கையாலும் பிடிக்கவும்.

உன் மகள் ஜெனி பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று அவள் சோறே தொடவில்லை.

"மாமா, ஒருத்தன் அசட்டையா ஒத்தக் கையால புடிச்சுக்கிட்டு வந்தான், அதான் விழுந்து செத்தான்னு கைடு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அது எங்கப்பாதானே?"

என் தங்கச்சி ஸ்டெல்லா எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் பிள்ளையே உன்னைக் கேவலமாக நினைத்தால் நான் எதற்கு இருக்கிறேன், சொல்?

நீ விழுந்த அன்று போட்டில் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தவன் நான். கூடையில் உன்னோடு இறங்கிய ரிக் அதிகாரி, நம்ம சாப், ரிக்கில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஐஸ் பெட்டியைக் கூடைக்குள் வைத்தால் அவர் சூட்கேஸில் மீன் வாடை ஏறிவிடுமாம்! உன் கையில் கொடுத்தார். காற்றில் கூடை ஆடியதும் என்ன கத்தினார் தெரியுமா? உனக்குத் தெரியாமலா? "டப்பா மத் சோட்னா! பெட்டியை விட்டுடாதே!" நீயும் விடவில்லை, பைத்தியக்காரா.

விசாரணையில் அதைத்தான் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷில் வேறு என்னவோ எழுதி நீட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். நானும் பாவிதான் மாப்ள.

நேற்று அதே சாப், ரிட்டையர் ஆனவர், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேச மியூசியத்துக்கு வந்தார். நான் ஜங்கிலிகாட் மீன் மார்க்கெட்டில் ஒரு முழு சீலா மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, ஜெனியையும் கூட்டிக்கொண்டு போனேன். பேசி முடித்து, போட்டோவுக்காகக் கூடையில் ஏறி நின்றார். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை.

"சாப், போட்டோ அச்சா ஆயேகா, நல்லா வரும். இதை ஒரு கையில பகடோ, புடிங்க" என்று பெட்டியை நீட்டினேன்.

சிரித்துக்கொண்டே வாங்கினார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் கூடையை ஒரு ஆட்டு ஆட்டினேன். பெட்டி தடாலென்று விழுந்தது. மீனும் ஐஸும் தரையெல்லாம் சிதறின. மனுஷன் இரண்டு கையாலும் வலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கியூன் சோடா, சாப்? ஏன் விட்டீங்க? நீங்க விடாதேன்னு சொன்னதாலதான் எங்க சேவியர் விடல!" என்று பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"கல்தி ஹோ கயா, பாய்" என்று என் காதோரம் முனகினார். தப்பு நடந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். எங்கள் வாசல் மிதிக்காதீர்கள் என்றேன். எனக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைக்கிறாயா? இருக்கட்டும்.

மன்னிப்பு யாருக்கு வேண்டும்? வெள்ளிக்கிழமை பாராடாங் தீவுப் பள்ளிக்கூடம் மியூசியத்துக்கு வருகிறதாம். கைடு பேச வேண்டிய இடத்தில் அவர் நின்று, யார் பெட்டி, யார் கத்தினது, யார் செத்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த பள்ளிக்கூடத்துக்கும் சொல்ல வேண்டும். வராவிட்டால் அவர் தெருவில் நின்று நான் சொல்வேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். என் மூச்சு உள்ளவரை அந்த ஆளை விடமாட்டேன், இது சத்தியம்.

திரும்பும்போது ஆட்டோவில் ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, வெள்ளிக்கிழமை நான் அவருக்கு நேரா முன்னால உக்காரட்டுமா?"

உன் ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான் அந்தோணி